'நாம் கூடியிருப்பது பூர்வகுடிகளின் நிலம்': கனடாவில் மீட்டிங் தொடங்கும் முன் ஏன் இதை வாசிக்கிறார்கள்?

கனடா கிளையன்ட்டுடன் ஜூம் மீட்டிங். சென்னையில் மாலை ஆறரை, டொரண்டோவில் காலை ஒன்பது. மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசத் தொடங்குகிறார். பிராஜெக்ட் பற்றி இல்லை. தாங்கள் இருக்கும் நிலம் மிசிசாகா, அனிஷினாபெக், சிப்பேவா, ஹோடனோஷோனி, வென்டாட் மக்களின் பாரம்பரிய நிலம் என்று ஒரு பத்தியை வாசிக்கிறார். அரை நிமிடம்தான். அப்புறம், 'ஓகே, முதல் ஸ்லைடுக்குப் போகலாம்.'

கனடாவில் படிக்கப் போனவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இது பழகிப்போன காட்சி. பட்டமளிப்பு விழா, நாடகம், ஹாக்கி மேட்ச், தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா என எதற்குப் போனாலும் இது உண்டு. டொரண்டோவின் பொதுப் பள்ளிகளில் 2016 முதல் காலை அறிவிப்பிலேயே வாசிக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'லேண்ட் அக்னாலெட்ஜ்மென்ட்'. தமிழில் நில அங்கீகாரம் என்று சொல்லலாம்.

முதல் முறை கேட்கும்போது மரியாதையாகத் தோன்றும். பத்தாவது முறை, 'சரி, அங்கீகரிச்சாச்சு... அப்புறம்?' என்று கேட்கத் தோன்றும். கனடாவில் ஒரு டிவி காமெடி நிகழ்ச்சி இதை வைத்தே ஸ்கெட்ச் போட்டது. நாடக அரங்கில் இந்த வாசகம் வாசிக்கப்பட்டதும் பார்வையாளர் ஒருவர் குழம்பிப்போய், அப்படியென்றால் நாங்கள் கிளம்ப வேண்டுமா என்று கேட்பார். மேடையில் இருப்பவரிடம் பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்கு நிஜத்தில் என்ன பதில்? கனடாவுக்குக் குடியேறிய, குடியேற நினைக்கும் நமக்கு அதில் என்ன பங்கு?

எங்கிருந்து வந்தது இந்த வழக்கம்?

கனடாவில் பூர்வகுடிகள் என்றால் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிட், மேட்டி என மூன்று பெரும் பிரிவினர். 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 18 லட்சம் பேர், நாட்டின் மக்கள்தொகையில் 5 சதவிகிதம். 'கனடா' என்ற பெயரே அவர்கள் மொழியில் கிராமம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

1880களில் தொடங்கி 1990கள் வரை இவர்களுடைய பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தது கனடா அரசு. பள்ளிகளை நடத்தியவை பெரும்பாலும் தேவாலயங்கள். சுமார் 1,50,000 குழந்தைகள் இவற்றுக்குள் போனார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. முடி வெட்டப்படும். பட்டினி, காசநோய், பாலியல் கொடுமை எல்லாம் இருந்தன. 1907லேயே அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் இந்தப் பள்ளிகளில் சாவு எண்ணிக்கை பயங்கரமாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அதன் பிறகும் 1920ல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள். இறந்த குழந்தைகளில் 4,100க்கும் அதிகமானவர்களின் விவரங்கள் இதுவரை ஆவணப்படுத்தப்பட்டுள்ளன. உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகமாக இருக்கும் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கனடாவில் செப்டம்பர் 30 அன்று எல்லோரும் ஆரஞ்சு டி-ஷர்ட் போட்டு இன்ஸ்டாவில் படம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1973ல் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமி, பாட்டி வாங்கித் தந்த புது ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்படியொரு பள்ளிக்குப் போனார். முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திரும்பத் தரவே இல்லை. அவர் அந்தக் கதையைப் பொதுவெளியில் சொன்னதிலிருந்து 2013ல் 'ஆரஞ்சு சட்டை தினம்' பிறந்தது. 2021 முதல் அதே நாள் உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய தினம்.

பள்ளிகளிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் அரசின் மீதும் தேவாலயங்களின் மீதும் வழக்கு மேல் வழக்கு போட்டார்கள். அதில் வந்த சமரச ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகத்தான் 2008ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. அரசு தானாக மனம் இரங்கிக் கொடுத்த கமிஷன் இல்லை, கோர்ட்டில் போராடி வாங்கியது. அதே ஆண்டு பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அனிஷினாபே சமூகத்தைச் சேர்ந்த நீதிபதி மர்ரே சின்க்ளேர் தலைமையில் ஆணையம் நாடு முழுக்க 6,500க்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் கேட்டது. நடந்தது 'கலாசார இனப்படுகொலை' என்று 2015ல் அறிவித்தது. கூடவே 94 செயல் அழைப்புகளையும் முன்வைத்தது.

(இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு 'நல்லிணக்கம்' என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு சலிப்பு வரலாம். போர் முடிந்தபின் 2010ல் கொழும்பு அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலும் அது இருந்தது. கனடா ஆணையத்தின் பெயரில் உண்மைதான் முதலில் வருகிறது.)

நில அங்கீகாரம் வாசிப்பது கனடா முழுக்கப் பரவியது இந்த 2015 அறிக்கைக்குப் பிறகுதான். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். குழந்தைகள் நலன், கல்வி, மருத்துவம், மொழி, நீதி, காணாமல் போன குழந்தைகளின் கல்லறைகள் என்று எவ்வளவோ கேட்ட அந்த 94 அழைப்புகளில், 'மீட்டிங் தொடங்கும் முன் ஒரு பத்தி வாசியுங்கள்' என்று ஒரு அழைப்புகூட இல்லை. கேட்டது வேறு. சுலபமாக வந்து ஒட்டிக்கொண்டது வேறு.

டொரண்டோ எப்படிக் கைமாறியது?

அந்த வாசகத்தில் வரும் பெயர்களுக்குப் பின்னால் ஒரு பத்திரப் பதிவுக் கதை இருக்கிறது. ரியல் எஸ்டேட் தகராறு பார்த்துப் பழகிய நமக்கு இது உடனே புரியும்.

1787ல் பிரிட்டிஷ் அதிகாரிகள் மிசிசாகா தலைவர்களைச் சந்தித்து, இன்றைய டொரண்டோ நிலத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். பதிலுக்குக் கொடுத்தவற்றில் துப்பாக்கிக் கற்கள், பித்தளைப் பாத்திரங்கள், முகம் பார்க்கும் கண்ணாடிகள், சரிகை வைத்த தொப்பிகள், பூப்போட்ட துணி, ரம் எல்லாம் இருந்தன. நிலத்தைச் சேர்ந்து பயன்படுத்த அனுமதி கொடுக்கிறோம் என்றுதான் மிசிசாகா மக்கள் நினைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், நில விவரம் இருக்க வேண்டிய இடம் காலி! தலைவர்களின் குலச்சின்னக் கையொப்பங்கள் தனித் துண்டுக் காகிதங்களில் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. நம்ம ஊர் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிரிட்டிஷாருக்கும் இது செல்லாது என்று தெரிந்தது. 1805ல் மறுபடி ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர், விலை 10 ஷில்லிங். முதலில் பேசியதைவிட அதிக நிலம் இதில் சேர்ந்திருந்தது. அதை மிசிசாகா மக்களிடம் சொல்லவில்லை. 1847ல் அவர்கள் தங்கள் ஆற்றங்கரையை விட்டு வேறிடம் போக வேண்டியதாயிற்று. இன்று மிசிசாகா என்ற பெயரில் ஒரு பெரிய நகரமே இருக்கிறது. நம்மவர்கள் ஏராளமானோர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான கார் பயணத் தூரத்தில் இருக்கிறார்கள்.

இந்த டொரண்டோ நிலக் கோரிக்கை 2010ல்தான் தீர்ந்தது. கனடா அரசு 14.5 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது.

ஏன் முன்பே கோர்ட்டுக்குப் போகவில்லை என்று கேட்கலாம். போக முடியாது. 1927ல் 'இந்தியன் ஆக்ட்' திருத்தப்பட்டு, நில உரிமைக்காகப் பூர்வகுடிகள் நிதி திரட்டுவதும் வக்கீல் வைப்பதும் குற்றமாக்கப்பட்டது. அந்தத் தடை 1951 வரை இருந்தது. (பெயரைப் பார்த்து நமக்கான சட்டம் என்று நினைக்க வேண்டாம். கொலம்பஸ் வழி தவறியதன் மிச்சம் அந்தப் பெயர், இன்னும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.) அந்தச் சட்டத்தின்கீழ் வந்தவர்களுக்கு நிபந்தனை ஏதுமில்லாமல் தேசியத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்தது 1960ல்.

டொரண்டோவின் கிழக்கே, இலங்கைத் தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோ பக்கம் போனால் கதை இன்னொரு ஒப்பந்தத்துக்குப் போகும். 1923ல் போடப்பட்ட வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள். ஏழு ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் சமூகங்கள் நிலத்தோடு தங்கள் பாரம்பரிய வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் இழந்தன. மீன் பிடித்ததற்காக வழக்குகளைச் சந்தித்தார்கள். 2018ல் 110 கோடி டாலர் இழப்பீட்டோடு அந்த உரிமைகளும் அங்கீகரிக்கப்பட்டன. கனடா, ஒன்டாரியோ அரசுகள் மன்னிப்புக் கேட்டன.

வின்னிபெக் குழாயில் வந்த தண்ணீர்

நிலம், பத்திரம் எல்லாம் பழைய கதை என்று தோன்றினால் இதைப் படியுங்கள்.

மனிடோபா மாகாணத்தின் தலைநகர் வின்னிபெக். 1919 முதல் இந்த நகரம் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷோல் ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. அந்த ஏரிக்கரையில் இருந்தது ஷோல் லேக் 40 என்ற அனிஷினாபே சமூகம். நகரத்துக்குச் சுத்தமான தண்ணீர் போக வேண்டும் என்பதற்காகக் கால்வாய் வெட்டினார்கள். அவர்களுடைய ஊர் நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டுத் தீவானது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் நடை. உறைந்தும் உறையாத வாரங்களில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பயணம்.

1997ல் அந்த ஊருக்கே 'தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்' என்ற எச்சரிக்கை வந்தது. அதே ஏரித் தண்ணீர் குழாய் வழியாக வின்னிபெக்கின் லட்சக்கணக்கான வீடுகளில் கொட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்காரர்களுக்கு பாட்டில் தண்ணீர். 24 வருடம் இப்படி! 2019ல்தான் அந்த ஊரை நெடுஞ்சாலையோடு இணைக்கும் சாலை திறக்கப்பட்டது. 'ஃப்ரீடம் ரோடு' என்று பெயர். 2021 செப்டம்பரில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது.

வின்னிபெக்கில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து, மேசையில் இருக்கும் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு நில அங்கீகாரம் வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் இப்போது வாசகத்திலேயே அந்தத் தண்ணீர் ஷோல் லேக் 40லிருந்து வருகிறது என்று சேர்த்துச் சொல்கின்றன. பொத்தாம் பொதுவான பத்தியைவிட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். யார், எதை, யாருக்காக இழந்தார்கள் என்று அது சொல்கிறது.

வடக்கு ஒன்டாரியோவில் நெஸ்கன்டாகா என்ற ஊரில் 1995 பிப்ரவரியில் வந்த இதேபோன்ற எச்சரிக்கை 30 ஆண்டுகளைத் தாண்டி நீண்டது. அங்கே பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, தன் குழந்தைக்கும் பாட்டில் தண்ணீர் வாங்குகிற ஒரு தலைமுறையே வந்துவிட்டது. உலகில் நன்னீர் வளம் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று கனடா.

எழுதியவரே வருந்தினார்

நில அங்கீகாரத்தின் மீதான கடுமையான விமர்சனம் எதிர்ப்பாளர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. டொரண்டோவின் ரையர்சன் பல்கலைக்கழகத்துக்கு 2012ல் இந்த வாசகத்தை எழுத உதவியவர் அனிஷினாபே எழுத்தாளரும் கல்வியாளருமான ஹேடன் கிங். 2019ல் சிபிசி வானொலியில் பேசும்போது, அதை எழுதியதற்காக வருந்துவதாகச் சொன்னார். ஏற்கனவே எழுதிவைத்ததை அப்படியே வாசித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடுகிறார்கள், சொல்பவருக்கு அதனால் எந்தப் பொறுப்பும் வருவதில்லை என்பது அவர் வாதம்.

(அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் 2022ல் மாறி, டொரண்டோ மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. எகர்டன் ரையர்சனின் யோசனைகள் விடுதிப் பள்ளி முறைக்கு அடித்தளமாக இருந்தவை என்பதால்.)

கிங் தலைமையில் இயங்கிய யெல்லோஹெட் இன்ஸ்டிட்யூட், அந்த 94 அழைப்புகளில் எத்தனை நிறைவேறின என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்தது. 2023 இறுதியில் அவர்கள் கணக்கு: நிறைவேறியவை 13. அந்த ஒரு வருடத்தில் மட்டும் நிறைவேறியவை பூஜ்யம். அதோடு கணக்கெடுப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்காக எல்லாமே நாடகம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கிட்க்சன் சமூகத்தைச் சேர்ந்த சிண்டி பிளாக்ஸ்டாக் என்பவர், ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் குழந்தைகளின் நலனுக்கு அரசு குறைவாக நிதி ஒதுக்குகிறது என்று 2007ல் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2016ல் அது பாகுபாடுதான் என்று தீர்ப்பு வந்தது. 2023ல் 2,300 கோடி டாலருக்கும் மேலான இழப்பீட்டு ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. 16 வருடம் விடாமல் ஃபைலோடு அலைந்ததில் வந்தது இது.

'நாங்க எதுவும் பண்ணலையே?'

கனடாத் தமிழர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பள்ளிகளை நடத்தியதும் காலிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியதும் நாம் இல்லை. போதாக்குறைக்கு, அங்கே போனவர்களில் பெரும்பகுதியினர் தாங்களே நிலத்தையும் வீட்டையும் விட்டு ஓடியவர்கள். 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கும் மேற்பட்ட தமிழ் அகதிகளை நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் கடலிலிருந்து மீட்டார்கள். கனடாத் தமிழ் வரலாறு பெரும்பாலும் இந்தப் புள்ளியிலிருந்துதான் சொல்லப்படுகிறது. அதே தீவின் பூர்வகுடிகளான பியோதக் மக்களில் கடைசியாக அறியப்பட்டவர் ஷானாதிதித் என்ற பெண். காசநோயில் 1829ல் இறந்தார். நமக்குக் கரை கிடைத்த இடம், இன்னொருவருக்குக் கரையே இல்லாமல் போன இடம்.

இதில் குற்ற உணர்வு கொள்ள எதுவும் இல்லை. ஆனால் குடியேறியவர் வாங்கும் வீடும் போகும் சாலையும் குடிக்கும் தண்ணீரும் அந்த ஒப்பந்தங்களின் மேல்தான் நிற்கின்றன. ஒப்பந்தத்தின் பலன் நமக்கு வருகிறது என்றால், அதில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமையும் நமக்கு வருகிறது. குடியுரிமை பெற்றவர் ஓட்டுப் போடுகிறார், எம்பியிடம் கேள்வி கேட்கலாம். நெஸ்கன்டாகா தண்ணீர் பற்றி ஸ்கார்பரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் போகக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

இன்னொரு பயம், வெளியே சொல்லாத பயம்: 'நாளைக்கு என் வீட்டை எடுத்துக்குவாங்களா?' 2025 ஆகஸ்டில் வான்கூவர் அருகே ரிச்மண்ட் நகரின் ஒரு பகுதி நிலத்தில் கவிச்சான் மக்களுக்கு உரிமை உண்டு என்று பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பயம் நெருப்பாகப் பரவியது. தனியார் வீட்டு உரிமையாளர்களின் பட்டாவைச் செல்லாது என்று அறிவிக்கும்படி கவிச்சான் மக்கள் அந்த வழக்கில் கேட்கவில்லை. அவர்களின் முக்கிய எதிர்த்தரப்பு அரசுகள்தான். தீர்ப்பை எதிர்த்து அரசுகள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. தனியார் பட்டாவும் பூர்வகுடி உரிமையும் எப்படிச் சேர்ந்திருக்கும் என்பது சட்டத்தில் இன்னும் தீராத கேள்வி. அதை மறைத்துப் பயனில்லை.

நிலம் திரும்பக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வான்கூவரிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. செனாக் என்ற இடத்தில் இருந்த ஸ்குவாமிஷ் மக்களை 1913ல் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு வீடுகளைக் கொளுத்தினார்கள். நெடிய வழக்குக்குப் பின் சுமார் பத்தரை ஏக்கர் மட்டும் திரும்பி வந்தது. அந்த இடத்தில் ஸ்குவாமிஷ் நேஷன் 6,000 வாடகை வீடுகளுக்கான அடுக்குமாடிகளைக் கட்டுகிறது. வாடகை எகிறும் நகரத்தில் குடிவரப் போவது யார்? நம்ம பசங்களும்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

கனடா போகிறவர்கள், போய் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய. 'நேட்டிவ் லேண்ட்' என்ற இணைய வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் அந்த நிலம் யாருடையது, எந்த ஒப்பந்தத்தில் வருகிறது என்று காட்டும். அதோடு நிற்காமல், அந்தச் சமூகத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் அவர்கள் கதையை அவர்கள் வார்த்தையில் படியுங்கள். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் 'இண்டிஜினஸ் கனடா' என்ற 12 பாட கோர்ஸைக் கோர்ஸெராவில் இலவசமாகப் பார்க்கலாம். ஆரஞ்சு சட்டை வாங்கினால் பூர்வகுடிகள் நடத்தும் கடையில் வாங்குங்கள், ஏதோ ஒரு பெரிய ஆன்லைன் தளத்தின் டூப்ளிகேட்டை அல்ல. சங்க விழாவில் நில அங்கீகாரம் வாசிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், கூகுளில் எடுத்த பத்தியைத் தமிழாக்கி வாசிப்பதற்குப் பதில், அந்த ஊருக்கே உரிய ஒரு உண்மையை, அந்த ஆண்டு உங்கள் சங்கம் செய்யப்போகும் ஒரு காரியத்தோடு சேர்த்துச் சொல்லலாம். பூர்வகுடிப் பேச்சாளரை அழைத்தால் சம்பளம் கொடுங்கள். சால்வை போர்த்துவது மட்டும் போதாது.

ஆணையத்தின் கடைசி இரண்டு அழைப்புகள் நேரடியாகக் குடியேறிகளைப் பற்றியவை. 93வது அழைப்பு, புதிதாக வருபவர்களுக்கான தகவல் தொகுப்பிலும் குடியுரிமைத் தேர்விலும் இந்த வரலாறு முழுமையாக இடம்பெற வேண்டும் என்றது. 94வது, குடியுரிமை உறுதிமொழியையே மாற்றச் சொன்னது. அது நடந்தது. 2021 ஜூன் முதல் கனடா குடியுரிமை பெறும் ஒவ்வொருவரும், ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிட், மேட்டி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் அரசமைப்புச் சட்டத்தைக் கடைப்பிடிப்பேன் என்று தன் வாயால் சொல்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் போனவர்கள் ஜட்ஜ் முன்னால் வலது கையை உயர்த்தி, இந்த வரிகளைச் சொல்லிவிட்டுத்தான் சான்றிதழை வாங்குகிறார்கள்.